விசாரிப்பும் விசாரணையும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் இப்பகுதியின் ஓரத்தில், 1992ஆம் ஆண்டு வெளிவந்த ‘பேசிக் இன்ஸ்டிங்க்ட்’ என்னும் ஆங்கிலப் படத்தை நெடுநாள் கழித்து மறுபடி பார்த்ததைப் பற்றிச் சில வரிகள் எழுதியிருந்தேன். கொலை வழக்கை விசாரிக்கப் போன துப்பறிவாளர், சந்தேகத்துக்கு ஆளான பெண்ணிடமே மனத்தைப் பறிகொடுக்கும் கதை அது. அந்தப் படத்தின் காமம் படுக்கையறையைவிட விசாரணை அறையில்தான் கூடுதலாக இருக்கிறது என்று சொல்லியிருந்தேன். அந்த ஒரு வாக்கியத்துக்கு அஸ்தம்பட்டி தொடங்கி ஏற்காடு வரையிலிருந்து கடிதங்கள் வந்துவிட்டன. வழக்கமான கலவைக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இம்முறை இடம் முழுவதையும் இந்த ஒரே பொருளுக்குக் கொடுக்கிறேன்.

கேள்வி: குடும்பத்தில் எல்லோரும் எடுத்துப் படிக்கும் பத்திரிகையில் இத்தகைய படத்தைப் பற்றி எழுதத்தான் வேண்டுமா? என் பேத்தி ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள்.
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், குகை, சேலம்.

பதில்: உங்கள் பேத்தி அந்தப் படத்தைப் பார்க்கக் கூடாது, ஐயா. அதில் நமக்குள் வேறுபாடு இல்லை. நம் நாட்டில் ‘ஏ’ சான்றிதழ் என்பது 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும் என்று பொருள்படுகிறது. இப்படம் எந்த நாட்டில் எந்த அளவுகோலால் அளந்தாலும் வயது வந்தவர்களுக்கானதுதான். ஆனால் பார்ப்பது வேறு, அதைப் பற்றிப் பேசுவது வேறு. கணிகையர் வரும் காப்பியங்களையும் காமத்துப்பாலையும் நீங்கள் வகுப்பறையில் எத்தனை ஆண்டுகள் தலைநிமிர்ந்து நடத்தியிருப்பீர்கள்! அதே கண்ணியத்தோடு திரைப்படத்தைப் பற்றியும் எழுத முடியும் என்று நம்புகிறேன். தவறினால் நீங்களே சிவப்பு மையால் திருத்தி அனுப்புங்கள்.

கேள்வி: சாதாரணத் துப்பறியும் படத்துக்கும், காமமும் கொலை விசாரணையும் கலந்த இந்த வகைப் படத்துக்கும் என்ன வேறுபாடு? கவர்ச்சிக் காட்சிகளைச் சேர்த்துவிட்டால் போதுமா?
– முதுகலை மாணவர், கருப்பூர்.

பதில்: சேர்த்துவிட்டால் போதும் என்று எண்ணியவர்கள் எடுத்த படங்கள் தொண்ணூறுகளில் காணொளிக் கடைகளின் அடுக்குகளை நிரப்பிவிட்டு, இன்று ஒருவருக்கும் நினைவில்லாமல் போய்விட்டன. வேறுபாடு கதையின் எலும்பிலேயே இருக்கிறது.

சாதாரணக் கொலைப் புதிரில் துப்பறிவாளர் வழக்குக்கு வெளியே நிற்கிறார். மாளிகைக்குள் வருகிறார், தடயங்களைத் தொகுக்கிறார், எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து விடையைச் சொல்கிறார், தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். வந்தபோது எப்படி இருந்தாரோ அப்படியே திரும்புகிறார். இந்த வகைப் படத்தில் அவர் அப்படித் திரும்ப முடியாது, ஏனென்றால் அவரே வழக்கின் தடயங்களில் ஒன்றாகிவிடுகிறார்.

இதைப் புரிந்துகொள்ளத் தமிழ் அறிந்தவருக்கு ஆங்கிலக் கலைச்சொல் எதுவும் தேவையில்லை. ‘விசாரிப்பது’ என்று நாம் ஒரே சொல்லை எத்தனை இடத்தில் வைத்திருக்கிறோம் என்று பாருங்கள். ஊரிலிருந்து வந்தவர் ‘அம்மா உங்களை ரொம்ப விசாரித்தார்கள்’ என்றால் அது அன்பு. ‘பெண் வீட்டைப் பற்றி நாலு பேரிடம் விசாரித்தோம்’ என்றால் அது கல்யாணப் பேச்சு. ‘ஸ்டேஷனில் வைத்து விசாரித்தார்கள்’ என்றால் கேட்டவுடன் வயிற்றில் புளி கரைகிறது. ‘நோட்டம் விடுவது’ என்பதும் அப்படித்தான்: திருடன் வீட்டை நோட்டம் விடுகிறான், போலீஸ்காரர் திருடனை நோட்டம் விடுகிறார், பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் இளைஞனும் நோட்டம்தான் விடுகிறான். எங்கே போகிறாள், யாரோடு பேசுகிறாள், எத்தனை மணிக்கு விளக்கை அணைக்கிறாள், சொன்னதில் எது மெய், எது பொய் என்று இரவும் பகலும் ஒருத்தியைப் பற்றியே எண்ணிக்கொண்டிருப்பவன் ஒன்று அவளைக் காதலிப்பவனாக இருக்க வேண்டும், அல்லது அவள் வழக்கை விசாரிப்பவனாக இருக்க வேண்டும். இரண்டு வேலைக்கும் உடலுழைப்பு ஒன்றே என்பதைக் கண்டுகொண்டதுதான் இந்த வகைப் படங்களின் மூலதனம்.

‘பேசிக் இன்ஸ்டிங்க்ட்’ படத்தில் சான் பிரான்சிஸ்கோ நகரத்தில் ஓய்வுபெற்ற ராக் பாடகர் ஒருவர், கைகள் வெள்ளைப் பட்டுத் துணியால் கட்டப்பட்ட நிலையில், பனிக்கட்டி உடைக்கும் ஊசியால் குத்திக் கொல்லப்படுகிறார். அவரோடு பழகிவந்த கேதரின் ட்ரமெல் என்னும் நாவலாசிரியை, அதே கொலையை அதே விதமாக முன்பே ஒரு நாவலில் எழுதியிருக்கிறாள். அந்த நாவல் அவளுக்கு எதிரான சாட்சியாகவும் இருக்கிறது, அவளுக்குக் கேடயமாகவும் இருக்கிறது. தான் எழுதிய மாதிரியே போய்க் கொலை செய்யும் அளவுக்கு யாராவது முட்டாளாக இருப்பார்களா என்று அவளே கேட்கிறாள். விசாரிக்க வரும் நிக் கரனோ, போதையில் இருந்தபோது சுற்றுலாப் பயணிகளைச் சுட்டுவிட்ட பழைய கறையோடு, துறையின் உள் விசாரணைக்கு ஆளாகி, மனநல மருத்துவரிடம் போய் வந்துகொண்டிருப்பவர். கேதரின் தன் அடுத்த நாவலுக்கு இவரையே கதைநாயகனாக எடுத்துக்கொள்கிறாள். இவருடைய மனநலக் கோப்பு காவல் துறைக்குள்ளிருந்தே விலைக்குப் போய் அவள் கைக்கு வந்துசேருகிறது. அதாவது இவர் அவளை விசாரிக்கத் தொடங்குவதற்கு முன்பே அவள் இவரை விசாரித்து முடித்துவிட்டாள்.

இப்போது ஊரெல்லாம் பேசிய அந்த விசாரணைக் காட்சிக்கு வருவோம். நடுவில் ஒரு நாற்காலி, எதிரே வரிசையாக ஆண்கள். அவள் கால் மாற்றிப் போட்ட ஒரு நொடியைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அந்த நொடியை மறைத்துவிட்டு மற்றதைப் பார்த்தாலும் காட்சியின் வெப்பம் குறையவில்லை என்பதை மறுபடி பார்த்தபோது கவனித்தேன். வக்கீல் வேண்டாம் என்று தானே சொல்லிவிட்டு வருகிறாள். புகைபிடிக்கக் கூடாத அறையில் பற்றவைக்கிறாள். கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நாணமின்றி விடை சொல்லிக்கொண்டே வந்தவள், நடுவில் திரும்பி, சக அதிகாரிகள் முன்னிலையில் நிக்கிடமே போதையையும் படுக்கையையும் இணைத்து ஒரு கேள்வி கேட்டுவிடுகிறாள். கேள்வி கேட்கும் உரிமை நாற்காலி மாறிவிட்டது. அறையில் வியர்ப்பவர்கள் அந்த ஆண்கள்தான். ‘இருநோக்கு இவளுண்கண் உள்ளது’ என்று வள்ளுவர் ஒரு பார்வையில் நோயையும் மறு பார்வையில் மருந்தையும் வைத்தார். நிக்குக்குக் கிடைப்பது எது நோய், எது மருந்து என்று பிரித்தறிய முடியாத ஒரே பார்வை.

கேள்வி: இந்தப் படத்தை எடுத்தவர் யார், எழுதியவர் யார்? விருது ஏதும் கிடைத்ததா?
– செவ்வாய்ப்பேட்டை வாசகர்.

பதில்: இயக்கியவர் நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த பால் வெர்ஹோவன். எழுதியவர் ஜோ எஸ்டர்ஹாஸ். அந்தத் திரைக்கதை 30 லட்சம் டாலருக்கு விலைபோனது அக்காலத்தில் பெரிய பேச்சாக இருந்தது. நடித்தவர்கள் மைக்கேல் டக்ளஸும் ஷாரன் ஸ்டோனும். படத்தொகுப்புக்கும் ஜெரி கோல்ட்ஸ்மித்தின் இசைக்கும் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது, விருது கிடைக்கவில்லை. 2006இல் லண்டனைக் களமாக வைத்து ஓர் இரண்டாம் பாகம் வந்தது. வந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கேள்வி: நான் சேலம் நீதிமன்றத்தில் வழக்கறிஞராக இருக்கிறேன். நீங்கள் சிலாகிக்கும் அந்த விசாரணைக் காட்சி நம் ஊரில் நடந்தால் சட்டப்படி செல்லுமா என்று எண்ணிப் பார்த்தீர்களா?
– பெயர் வேண்டாம் என்று எழுதியுள்ளவர், ஃபேர்லாண்ட்ஸ்.

பதில்: கேட்டதற்கு நன்றி, உங்களுக்குத் தெரிந்ததையே உங்களுக்குச் சொல்லப் போகிறேன் என்றாலும், மற்ற வாசகர்களுக்காக விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில், ஒரு பெண்ணை விசாரணைக்காக நிலையத்துக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 160ஆம் பிரிவிலும், 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179ஆம் பிரிவிலும், பெண்ணை அவள் குடியிருக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும் என்று இருக்கிறது. அவளாக விரும்பி நிலையத்துக்கு வந்தால் வரலாம் என்று புதிய சட்டம் சேர்த்திருக்கிறது. இது சாட்சிகளுக்கு மட்டுந்தானே, சந்தேக நபருக்குப் பொருந்துமா என்ற ஐயத்தை உச்ச நீதிமன்றம் 1978இலேயே நந்தினி சத்பதி வழக்கில் தீர்த்துவைத்தது. ஒடிசாவின் முன்னாள் முதலமைச்சரான அவரைக் காவல் நிலையத்துக்கு அழைத்து எழுத்து மூலமான கேள்விகளைக் கொடுத்தபோது அவர் விடை சொல்ல மறுத்தார். போலீஸ் விசாரிக்கக் கூடியவர்களைச் சொல்லும் 161ஆம் பிரிவுக்குள் குற்றம் சாட்டப்பட்டவரும் வருவார் என்றும், தன்னையே குற்றவாளியாக்கும் கேள்விக்கு வாய் திறக்காமல் இருக்கும் உரிமை விசாரணை நிலையிலேயே உண்டு என்றும், பெண்ணை நிலையத்துக்கு அழைத்தது தவறு என்றும் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதினார். விசாரணையின்போது வக்கீல் அருகில் இருக்கலாம் என்பதும் அந்தத் தீர்ப்பிலிருந்து வருவதுதான்.

அடுத்து, அந்தப் படத்தில் கேதரின் உண்மை கண்டறியும் கருவியின் சோதனையில் தேறிவிடுகிறாள். நம் நாட்டில் ஒருவருடைய சம்மதமில்லாமல் அந்தச் சோதனையையே நடத்தக் கூடாது என்று 2010இல் செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மூன்றாவதாக, அவள் மனமுருகி நிக்கிடம் ‘நான்தான் கொன்றேன்’ என்று சொல்லியே விட்டாலும் பயனில்லை. போலீஸ் அதிகாரியிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலத்தை அவருக்கு எதிராக மெய்ப்பிக்க முடியாது என்பது 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, இப்போது புதிய சாட்சியச் சட்டத்தின் 23ஆம் பிரிவு. சூரியன் மறைந்த பிறகு பெண்ணைக் கைது செய்ய வேண்டுமானால், விதிவிலக்கான சூழ்நிலையில், மகளிர் காவல் அதிகாரி எழுத்து மூலம் காரணம் காட்டி மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி பெற்றாக வேண்டும்.

ஆக, அந்தக் காட்சி நம் ஊரில் முழுவதும் செல்லாது. ஆனால் ஒரு கதைக்காரருக்கு இந்தச் சட்டங்கள் தடையாக இருக்கும் என்று நீங்கள் நினைத்தால் நான் மறுப்பேன். துப்பறிவாளர் அவள் வீட்டுக்குப் போக வேண்டும் என்று சட்டமே அவரை அனுப்பிவைக்கிறதே! ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் பங்களா என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் ஜீப், உடன் வந்த மகளிர் காவலர், சற்றுத் தள்ளி நாற்காலியில் வக்கீல், நடுவில் இவர்கள் இருவர். வீடு அவளுடையது, காபி அவள் போட்டது, எந்தச் சன்னலைத் திறப்பது என்பதும் அவள் முடிவு. அவள் குற்றத்தை ஒப்புக்கொண்டாலும் அதை நீதிமன்றத்தில் அவளுக்கு எதிராக மெய்ப்பிக்க முடியாது என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அப்படியிருந்தும் மறுநாளும் அவர் கேட்கப் போகிறார் என்றால், எதற்காகப் போகிறார்? சான் பிரான்சிஸ்கோவில் நாணத்தை உதறி உண்டாக்கிய வெப்பத்தை இங்கே ஒரு சட்டப்பிரிவே உண்டாக்கித் தருகிறது.

கேள்வி: இந்தப் படத்தைப் பெண்கள் எப்படிப் பார்க்க வேண்டும் என்கிறீர்கள்? ஆண்களின் ஆசையையும் அச்சத்தையும் ஒருத்தியின் மேல் ஏற்றிவைத்து, அவளைக் கொலைகாரியாகவும் ஆக்கிவிட்டு, அதற்குத் துணிவு என்று பெயர் வைப்பது நியாயமா?
– கல்லூரி ஆசிரியை, சூரமங்கலம்.

பதில்: நியாயமில்லை என்பதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன், அம்மா.

ஒப்புக்கொள்ளும் பாதி இது. 1991இல் சான் பிரான்சிஸ்கோவில் படப்பிடிப்பு நடந்தபோதே தன்பாலின ஈர்ப்பு கொண்டவர்களின் அமைப்புகள் தெருவில் இறங்கிப் போராடின. கதையில் கொலைச் சந்தேகத்துக்கு உள்ளாகும் பெண்கள் எல்லோருமே பெண்களையும் விரும்புகிறவர்கள். அந்த விருப்பமும் கொலை வெறியும் ஒரே ஊற்றிலிருந்து வருவதுபோல் படம் காட்டுகிறது என்பது அவர்கள் குறை. முப்பது ஆண்டுகள் கழித்துப் பார்க்கும்போது அந்தக் குறை அப்படியே நிற்கிறது. இன்னொன்றும் உண்டு. புகழ்பெற்ற அந்த ஒரு நொடியைப் பற்றி, உள்ளாடை வெளிச்சத்தைப் பிரதிபலிக்கிறது, கழற்றிவிடுங்கள், எதுவும் தெரியாது என்று சொல்லப்பட்டதாகவும், படம் முடிந்து பலரோடு அமர்ந்து பார்த்தபோதுதான் உண்மை தெரிந்ததாகவும் ஷாரன் ஸ்டோன் 2021இல் வெளியிட்ட தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். வெர்ஹோவன் அதை மறுக்கிறார். அவருக்குத் தெரிந்தேதான் எடுத்தோம் என்கிறார். உள்ளே நடந்ததை நானறியேன். ஆனால் ஒரு நடிகை இசைந்தாரா இல்லையா என்பதே இவ்வளவு காலம் வழக்காடும் பொருளாக இருக்கிறதென்றால், அந்தப் படப்பிடிப்புத் தளத்தில் முறை இருக்கவில்லை என்றுதான் பொருள். இப்போது நெருக்கமான காட்சிகளுக்கென்றே ஒருங்கிணைப்பாளரை வைத்து, எது தெரியும், எது தெரியாது என்பதை முன்கூட்டியே எழுதி ஒப்புக்கொள்ளும் வழக்கம் பல நாடுகளில் வந்திருக்கிறது. அதனால் எந்தப் படத்தின் சூடும் குறைந்துவிடவில்லை.

மற்றப் பாதியில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆண் அஞ்சும் பெண்ணைக் கதையாக்குவது அமெரிக்கர்கள் கண்டுபிடித்ததன்று. பழையனூர் நீலியை எடுத்துக்கொள்ளுங்கள். கரிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ‘இவர் என் கணவர்’ என்று சபையில் அழுது வாதாடியவள். விசாரித்த எழுபது வேளாளரும் அந்தக் கண்ணீரை நம்பித் தீர்ப்புச் சொல்லி, அவன் உயிருக்குத் தாங்கள் பொறுப்பு என்றும் வாக்குக் கொடுத்து, அவன் அவள் கையால் செத்துப்போனதும் சொன்ன சொல்லுக்காகத் தீப்பாய்ந்தார்கள். அன்றிலிருந்து பொய்யழுகைக்கு நீலிக்கண்ணீர் என்று பெயர். ஆனால் கதையின் முன்பாதியை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம்: முற்பிறவியில் அவளைக் கொன்றவன் அந்தக் கணவன்தான். விசாரணை செய்தவர்கள் கேட்க மறந்த கேள்வி அது. கேதரினுக்கு இத்தகைய முன்பாதி எதுவும் படத்தில் இல்லை, அவள் காரணமின்றிக் கொல்கிறவளாகவே நிற்கிறாள். உங்கள் கோபம் அந்த இடத்தில் போய் நின்றால் நானும் உங்கள் பக்கம்.

கேள்வி: கடைசியில் கொலை செய்தது யார் என்று எனக்குப் புரியவில்லை. தயவுசெய்து விளக்கவும்.
– அம்மாபேட்டை வாசகர்.

பதில்: கடைசிக் காட்சியில் கட்டிலுக்கு மேலே நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டீர்கள் என்று தெரிகிறது. இன்னொரு முறை கட்டிலுக்குக் கீழே பாருங்கள்.

கேள்வி: எங்கள் மாடர்ன் தியேட்டர்ஸ் காலத்தில் இந்த மாதிரிக் கண்றாவியெல்லாம் கிடையாது. சேலத்துக்காரரான நீங்கள் அந்தப் பெருமையைச் சொல்லாமல் அமெரிக்காக்காரனைப் புகழலாமா?
– 81 வயது வாசகர், கன்னங்குறிச்சி.

பதில்: பெரியவரே, உங்கள் கோபத்துக்குத் தலை வணங்குகிறேன், ஆனால் உங்கள் சாட்சியை உங்களுக்கு எதிராகவே கூப்பிட வேண்டியிருக்கிறது.

ஏற்காடு சாலையில் அந்த வளைவு இன்றும் நிற்கிறது. டி. ஆர். சுந்தரம் 1930களில் அங்கே எழுப்பிய நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. அங்கே 1950இல் வெளிவந்த ‘மந்திரி குமாரி’யின் கதை எங்கிருந்து வந்தது? ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசியிலிருந்து. கொலைக்களத்துக்குக் கொண்டுபோகப்படும் கள்வனைச் சன்னல் வழியே பார்த்து ஒருத்தி மோகம் கொள்கிறாள். தந்தை அவனை மீட்டு மணம் முடித்துவைக்கிறார். ஊடலில் அவள் வாய்தவறி ‘நீ கள்வன்தானே’ என்று சொன்ன ஒரு சொல்லுக்காக அவன் அவளைக் கொல்ல மலையுச்சிக்கு அழைத்துப் போகிறான். சாகும்முன் உம்மை மூன்று முறை வலம் வருகிறேன் என்று சொல்லி, வலம் வந்து, பின்னாலிருந்து அவனைத் தள்ளிவிடுகிறாள். குற்றவாளி என்று தெரிந்தே வரும் காமம், படுக்கையைப் பகிர்ந்தவரையே கொல்லத் துணிவது, யார் யாரை முந்துவது என்ற பதைப்பு: நாம் பேசிக்கொண்டிருக்கும் வகைக்கு வேறென்ன இலக்கணம் வேண்டும்? ஒரு பௌத்தத் துறவி வரலாறாகவே இதைப் பாடியவர்கள் கூச்சப்படவில்லை.

படத்தில் மு. கருணாநிதியின் வசனத்தோடு, எல்லிஸ் ஆர். டங்கனும் சுந்தரமும் இயக்க, மாதுரி தேவியை எஸ். ஏ. நடராஜன் மலையுச்சிக்கு அழைத்துப் போகும் ‘வாராய் நீ வாராய்’ பாட்டை நினைத்துப் பாருங்கள். திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடியது. ஏற்காட்டு மலையிலேயே எடுத்தார்கள் என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். சிறுவயதில் மலைக்குப் போகும்போதெல்லாம் இந்தப் பாறையா, அந்தப் பாறையா என்று பெரியவர்கள் சண்டை போட்டுக்கொள்வார்கள். கொலை செய்யக் கூட்டிப்போகிறவன் பாடும் பாட்டு, கேட்பதற்குக் காதல் பாட்டாகவே இருக்கிறது. உடை ஒரு விரற்கடை விலகவில்லை. அதைக் காட்டிலும் ஆபத்தான காதல் காட்சியை ஹாலிவுட் எடுத்திருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

அதே 1950இல் எம். என். நம்பியார் வேடத்துக்கு மேல் வேடமிட்டுத் துப்பறிந்த ‘திகம்பர சாமியார்’ அங்கிருந்து வந்தது; ஜெய்சங்கர் நடித்த ‘வல்லவன் ஒருவன்’ 1966இலும் ‘சி.ஐ.டி. சங்கர்’ 1970இலும் வந்தன. குற்றப் படம் சேலத்துக்கு அந்நியப் பொருள் அன்று, பெரியவரே. மல்கோவா மாதிரி உள்ளூர் விளைச்சல்தான்.

கேள்வி: தணிக்கையில் இந்தப் படத்துக்கு வெட்டு விழுந்ததா?
– ஐந்து ரோடு வாசகர்.

பதில்: அமெரிக்காவிலேயே விழுந்தது. 17 வயது நிரம்பாதவர்களை அப்போது அறவே அனுமதிக்காத, 1990இல் புகுத்தப்பட்ட கடுமையான தரச்சான்று கிடைத்தால் பல திரையரங்குகள் படத்தை எடுக்காது என்பதால், அதைத் தவிர்ப்பதற்காக முக்கால் நிமிடத்துக்கும் குறைவான காட்சிகளை வெர்ஹோவன் குறைத்தும் மாற்றியும் கொடுத்தார். கதை ஒரு நூலிழையும் மாறவில்லை. என் கட்சிக்கு அதுவும் ஒரு சாட்சி.

கேள்வி: ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கிறோம். மழைக்காலத்தில் மாலை ஆறு மணிக்கு மேல் வீட்டை விட்டு வெளியே வர முடியாது. இதே பொருளில், ஆனால் கூச்சமின்றி என் மனைவியோடு உட்கார்ந்து பார்க்கக் கூடிய படம் ஒன்றைச் சொல்லுங்கள்.
– நாகலூர் வாசகர்.

பதில்: பார்க் சான்-வூக் இயக்கிய கொரியப் படம், ‘டெசிஷன் டு லீவ்’. 2022ஆம் ஆண்டு கான் விழாவில் அவருக்குச் சிறந்த இயக்குநர் விருதைப் பெற்றுத் தந்தது. மலையேறும் பழக்கமுள்ள ஓய்வுபெற்ற குடியேற்ற அதிகாரி ஒருவர் செங்குத்துப் பாறையிலிருந்து விழுந்து இறக்கிறார். தவறி விழுந்தாரா, யாரேனும் தள்ளினார்களா என்று விசாரிக்கிறார் பூசான் நகரத்துத் துப்பறிவாளர், தூக்கம் வராத நோய் உள்ளவர். இறந்தவரின் மனைவி சீனாவிலிருந்து வந்தவள், முதியவர்களைப் பராமரிக்கும் வேலை பார்க்கிறவள், கொரிய மொழியைத் தொலைக்காட்சித் தொடர் பார்த்துக் கற்றவள். கணவன் இறந்த செய்திக்கு அவள் போதுமான அளவு அழவில்லை என்பதே முதல் சந்தேகம். நம் ஊரிலும் துக்க வீட்டில் கூடியவர்கள் எடுக்கும் முதல் மகஜர் அதுதானே.

முன்பு சொன்ன விசாரணை அறையோடு இதில் வரும் விசாரணை அறையை வைத்துப் பாருங்கள். துப்பறிவாளர் விலையுயர்ந்த சூஷி வரவழைக்கிறார், இருவரும் உண்கிறார்கள், உண்டு முடித்ததும் பேச்சில்லாமல், பல வருடம் சேர்ந்து குடித்தனம் நடத்தியவர்களைப் போல, ஆளுக்கொரு பக்கம் மேசையைத் துடைத்து எடுத்துவைக்கிறார்கள். அவ்வளவுதான் நடக்கிறது. பார்க்கிற நமக்கு மற்றவர் வீட்டுப் படுக்கையறைக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டதுபோல் கூசுகிறது. அவள் வீட்டெதிரே காரில் உட்கார்ந்து இரவெல்லாம் கண்காணிக்கிறவர், அவள் அறைக்குள்ளேயே அவள் பக்கத்தில் நிற்பதாகத் தம்மைக் கற்பனை செய்துகொள்கிறார். கேமராவும் அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. நோட்டம் என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான படவிளக்கம் நான் கண்டதில்லை. இரண்டாம் பாதி முழுவதும் பனிமூட்டம் சூழ்ந்த ஒரு கற்பனை ஊரில் நடக்கிறது. உங்கள் சன்னலுக்கு வெளியே தெரிவதும் திரையில் தெரிவதும் ஒன்றாகவே இருக்கும்.

கேள்வி: ஏற்காட்டைக் களமாக வைத்து, ஓர் ஆய்வாளர், கொலைச் சந்தேகத்துக்கு ஆளான ஒரு பெண் என்று இரண்டே பாத்திரங்களைக் கொண்டு திரைக்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். முப்பது பக்கம் முடிந்தது. படுக்கையறைக் காட்சியை எங்கே வைப்பது என்பதில் திணறுகிறேன். ஆலோசனை தேவை.
– உதவி இயக்குநராக இருந்து ஊர் திரும்பியவர், கொண்டலாம்பட்டி.

பதில்: அதை எங்கே வைப்பது என்று இப்போது யோசிக்க வேண்டாம். முப்பது பக்கத்தில் கொலை நடந்த விதத்தை நீங்கள் தீர்மானித்துவிட்டீர்களா என்று சொல்லுங்கள், ஏனென்றால் இத்தகைய கதையில் தடயம் பலவீனமாக இருந்தால் மோகமும் பலவீனமாகிவிடும். சந்தேகம் உண்மையிலேயே இரண்டு பக்கமும் சாய வேண்டும். அவள் செய்திருக்கலாம் என்பதற்கும் செய்யாதிருக்கலாம் என்பதற்கும் சம எடை இருந்தால்தான் ஆய்வாளர் மறுபடி மறுபடி அவள் வாசலுக்குப் போவதில் பொருள் இருக்கும்.

மலை உங்களுக்கு நிறையக் கொடுக்கிறது. சேலத்திலிருந்து ஏறும் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் பின்னால் வரும் வண்டியின் விளக்கு ஒரு கணம் தெரிந்து மறையும். இன்னொரு வழி குப்பனூர்ப் பக்கம் இறங்குகிறது. ஆகவே ‘அன்றிரவு நான் மலையை விட்டு இறங்கவே இல்லை’ என்று அவள் சொன்னால், ஆய்வாளர் இரண்டு பாதைகளிலும் விசாரித்தாக வேண்டும். மேலே ஊர் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இறந்த உடல் குளிரும் வேகம் சுற்றியுள்ள காற்றின் குளிரைப் பொறுத்தது என்பதால், சேலத்து வெயில் கணக்கில் இறந்த நேரத்தைக் கணித்தால் பிழை வரும். அந்தப் பிழை அவளைக் காப்பாற்றுமா, மாட்டிவிடுமா என்பதை நீங்கள் தீர்மானியுங்கள். பாறையிலிருந்து விழுந்த உடலென்றால், பாறையடியிலிருந்து எவ்வளவு தள்ளி விழுந்தது என்று அளப்பார்கள். சறுக்கி விழுந்தவர் பாறையை ஒட்டி விழுவார், ஓடிவந்து குதித்தவர் விலகி விழுவார், தள்ளப்பட்டவர் பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவே எங்கோ, வாதத்துக்கு இடம் கொடுக்கும் தூரத்தில் விழுவார். அந்த அளவுநாடாவின் ஒரு முனையை ஆய்வாளரும் மறுமுனையை, வேறு ஆள் இல்லாத காரணத்தால், அவளும் பிடித்துக்கொண்டு நிற்கும்படி ஒரு காட்சி எழுத முடியுமா என்று பாருங்கள். சட்டப்படி அப்படிச் செய்யக் கூடாது என்று ஃபேர்லாண்ட்ஸ் வழக்கறிஞர் கடிதம் போடுவார். செய்யக் கூடாததை ஆய்வாளர் முதன்முதலாகச் செய்யும் இடமாக அதுவே இருக்கட்டும்.

சில்வர் ஓக் மரங்களையும் அவற்றில் ஏறிய மிளகுக் கொடிகளையும் பாட்டுக்காக மட்டும் பயன்படுத்தாதீர்கள். காபிப் பழம் பறிக்கும் நவம்பர் முதல் ஜனவரி வரையிலான மாதங்களில் கதையை வைத்தால், தோட்டம் முழுக்க ஆட்கள் இருப்பார்கள், அவர்களில் ஒருத்தி எல்லாவற்றையும் பார்த்திருப்பாள், அவளிடம் மட்டும் யாரும் எதுவும் விசாரித்திருக்க மாட்டார்கள்.

முதல் விசாரணைக் காட்சியை மட்டும் எழுதி, தாளின் ஒரு பக்கத்தில் அச்சிட்டு, பத்திரிகை முகவரிக்கு அனுப்புங்கள். அதில் அவள் கேட்கும் கேள்விகள் எத்தனை, அவர் கேட்கும் கேள்விகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்துவிட்டு மீதியைப் பேசுவோம்.